நான் வைத்த பெயர் ஏழுமலை

போன மாதம் எங்கள் சமூகப் பணியாளர் சங்கத்தின் செய்தி மடல் கைப்பேசிக்கு வந்தது. வண்ணப் படங்கள், பளபளப்பு, தொட்டால் திறக்கும் கூட்ட அழைப்பு. யாருக்கு எங்கே மாற்றல், எங்கள் எந்தக் கோரிக்கை எந்த அதிகாரியின் மேசையில் தூங்குகிறது, அடுத்த பயிலரங்கு எப்போது, எல்லாம் இருந்தது. மூன்றாம் பக்கத்தில் ஒரு குடும்பத்தின் கதை. அதன் அடியில் பொடி எழுத்தில் 'பெயர் மாற்றப்பட்டுள்ளது'. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கேட்டிருந்தாள்: "மேடம், பேரை மாத்திட்டா போதும்தானே?" போதுமாவா! அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், கட்டைவிரல் வலித்ததுதான் மிச்சம். ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன வேலை, பேனாவை எடுத்து முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

1991-இல் நடந்தது. சென்னையில் இரண்டு வருடம் சமூகப் பணி படித்துவிட்டு, அங்கே இங்கே அலைந்து, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் குடும்ப ஆலோசகராகச் சேர்ந்திருந்தேன். நான் என்ன படித்தேன் என்று என் அப்பாவுக்கே கடைசிவரை சொல்லத் தெரியாது. யாராவது கேட்டால் "சேவை சம்பந்தமா..." என்று இழுப்பார். ஊர்க்காரர்களுக்கு அந்தக் குழப்பமே இல்லை. புடவை கட்டிக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு, சைக்கிளில் வந்து கேள்வி கேட்பவள் டீச்சராகத்தான் இருக்க முடியும். எல்லோருக்கும் நான் டீச்சரம்மா. இன்றைக்கு ஒரகடம் பக்கம் போனால் கம்பெனிக்குக் கம்பெனி பேருந்து நிற்கிறது. அப்போது அங்கே வயலும் ஏரியும்தான். நெடுஞ்சாலை ஓரம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்தன.

எங்கள் வட்டாரத்தில் இந்த வேலையில் இருந்தவர்கள் நாற்பது பேர் தேறுவோம். ஆஸ்பத்திரியில் ஒருவர், தொழிற்சாலையில் ஒருவர், என்னைப் போல் தொண்டு நிறுவனங்களில் சிலர். ஒருவரை ஒருவர் பார்ப்பதே மாதத்தில் ஒரு நாள், இரண்டாம் சனிக்கிழமைக் கூட்டத்தில். மற்ற நாள்களில் எங்களை இணைத்தது நாலு பக்க மாத மடல். முதல் பக்கம் தொழில் செய்திகள். இரண்டாம் பக்கம் கோரிக்கைகள். மூன்றாம் பக்கம் 'களத்திலிருந்து' என்று ஒரு அனுபவம். நாலாம் பக்கம் வரவிருக்கும் நிகழ்வுகள். அதை எழுதித் தட்டச்சு செய்து, படியெடுக்கும் உருளையில் உருட்டி, மடித்துத் தபாலில் போடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கூட்டத்துக்கு ஒரு நாள் தாமதமாக வந்தவளுக்குக் கிடைத்த தண்டனை என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஸ்டென்சில் வெட்டுவது பற்றி இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. மெழுகுத்தாளைத் தட்டச்சுப் பொறியில் ஏற்ற வேண்டும். நாடாவை விலக்கிவிட்டு, எழுத்தால் தாளைக் குத்த வேண்டும். ஓங்கி அடித்தால் 'ஓ'வின் நடுப்பாகம் ஓட்டையாக விழுந்துவிடும், மெதுவாக அடித்தால் மை இறங்காது. தப்பு வந்தால் சிவப்புத் திரவத்தைத் தடவி, ஊதிக் காயவைத்து, மேலே திரும்ப அடிக்க வேண்டும். முக்கியமாக, தாளின் அடியில் ஒரு கோடு இருக்கும். அதைத் தாண்டி ஒரு வரிகூட அடிக்க முடியாது. அந்தக் கோட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், என்னைக் கவிழ்த்தது அதுதான்.

சங்கத்தின் செயலாளர் அருள்தாஸ் சார். அரசு மருத்துவமனையில் மருத்துவ சமூகப் பணியாளர். நோயாளிகள் அவரிடம் டாக்டரிடம் சொல்லாததையும் சொல்வார்கள். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நான் எழுதிக் கொடுக்கும் தாளை ஒரு மர அடிக்கோலை வைத்து வரி வரியாக இறக்கிப் படிப்பார். எங்காவது சரியில்லை என்றால் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. அவ்வளவுதான். என்ன தப்பு என்று சொல்லவே மாட்டார். கேட்டால், "நீங்களே பாருங்கம்மா, நான் சொன்னா எனக்குத்தானே தெரிஞ்சதாகும்" என்பார். அந்தப் புள்ளியைப் பார்த்து நான் பல்லைக் கடித்த நாள்கள் உண்டு. திட்டினாலாவது திருப்பித் திட்டலாம். புள்ளியை என்ன செய்வது?

அந்த மாதம் 'களத்திலிருந்து' பக்கத்துக்கு என் சொந்த கேஸ் ஒன்றையே எழுதினேன். செம்பரம்பாக்கம் ஏரியைச் சுற்றிப் பல ஊர்கள் இருக்கின்றன. அதில் ஒன்றில் ஒரு மனிதர். என்ன வேலை செய்தார் என்று சொல்லப்போவதில்லை. நன்றாக உழைப்பார், சாயங்காலம் ஆறு மணி ஆனால் கை நடுங்கும், கால் தானாகச் சாராயக்கடைக்குப் போகும். எட்டு மாதம் அவர் வீட்டுக்குச் சைக்கிள் மிதித்தேன். அந்த ஆறு மணியை எப்படித் தாண்டுவது என்பதுதான் பிரச்சினை. வழி கண்டுபிடித்தது நான் இல்லை, அவர் மனைவி. ஆறு மணிக்கு வேலையிலிருந்து வந்ததும் கதவைச் சாத்தி, ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் முன்னால் வைத்து, "ஆட்டு" என்று ஆட்டுக்கல்லில் உட்கார வைத்துவிட்டார். தினமும்! ஒரு மணி நேரம் ஆட்டினால் கைநடுக்கம் குழவியோடு போய்விடும். ஏழு மணிக்குப் பசி வந்துவிடும், முந்தின நாள் ஆட்டிய மாவில் இட்லி வெந்துவிடும். நாலு மாதமாக அவர் கடைப்பக்கம் போகவில்லை.

இதை எழுதாமல் இருக்க முடியுமா? எழுதினேன். பெயரை ஏழுமலை என்று மாற்றினேன். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒரு ஏழுமலை உண்டு, யாரென்று யாருக்கும் தெரியாது என்பது என் கணக்கு. ஊரைக் குன்றத்தூர் ஆக்கினேன். அருள்தாஸ் சார் பெயரும் ஊரும் வந்த முதல் வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துத் தந்தார். நான் யோசித்தேன். ஓகோ, வேலையை மாற்றாமல் விட்டுவிட்டோம்! உடனே 'லாரி டிரைவர்' என்று போட்டேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஸ்டென்சில் வெட்டும்போது நாலாம் பக்கம் நிறைந்து, கூட்டத்துக்கான அறிவிப்பில் ஒரு வரி மிஞ்சியது. அதை மூன்றாம் பக்கத்தின் அடியில் போடலாம் என்றால் அங்கே கோட்டுக்கு மேல் இடம் ஒரே ஒரு வரிக்குத்தான். 'பெயர், ஊர், தொழில் மாற்றப்பட்டுள்ளன' என்ற வழக்கமான வரியா, 'கூட்டத்தில் தேநீர் வழங்கப்படும்' என்ற வரியா? பெயர் மாற்றுவோம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, டீ இருப்பது தெரியாதே என்று டீயைப் போட்டேன். சத்தியமாக அப்படித்தான் யோசித்தேன்.

மடல் போய் இரண்டு வாரம் இருக்கும். ஒரு காலை நேரம், எங்கள் அலுவலக வாசலை அடைத்துக்கொண்டு ஓர் ஆள் வந்து நின்றார். வாட்டசாட்டம், காக்கிச் சட்டை. பின்னால் அவர் மனைவி, இடுப்பில் கை.

"இங்க பத்திரிகை எழுதுற டீச்சர் யாரு?"

"நான்தான். உட்காருங்க."

"உக்கார்றதுக்கு வர்லம்மா. எம்பேரு ஏழுமலை. குன்னத்தூரு. லாரி ஓட்டுறேன்."

அவர் மனைவி தேவகி முன்னால் வந்தார்.

"எம் வூட்டுக்காரரு குடிச்சதை நீ பாத்தியா? என்னாண்ட கூட சொல்லாம உன்னாண்ட வந்து சொன்னாரா? கல்யாணம் ஆயி பன்னெண்டு வருசம் ஆவுது, மோரு குடிச்சாலே இந்த மனுசனுக்குத் தூக்கம் வந்துடும். இதுல மாவு வேற ஆட்டுறாராம்! ஒரு நாளு தட்டு கழுவியிருப்பாரா கேளு!"

"அத்த ஏன்டி இப்ப சொல்ற" என்றார் ஏழுமலை.

விஷயம் இதுதான். நெடுஞ்சாலையில் புதிதாக வந்த ஒரு தொழிற்சாலையில் கம்பெனிப் பேருந்து ஓட்ட ஏழுமலைக்கு வேலை கிடைக்க இருந்தது. லாரியில் போனால் மாதத்தில் இருபத்தைந்து நாள் வீட்டில் இருக்க மாட்டார். கம்பெனிப் பேருந்து என்றால் தினமும் வீட்டுச் சோறு, பிள்ளைகள் முகம். ஓட்டிக் காட்டியாகிவிட்டது, எல்லோருக்கும் திருப்தி. தொழிலாளர் நல அலுவலர் கையெழுத்து மட்டும் பாக்கி. அவர் போடாமல் நிறுத்திவிட்டார். ஏன் என்று அலைந்தபோது, ஆபீஸ் குமாஸ்தா மடலைக் காட்டிக் காதோடு சொல்லியிருக்கிறார்: 'உன்னைப் பத்தி ஒரு பத்திரிகையில வந்துகீதுப்பா.' அடுத்த திங்கட்கிழமைக்குள் கையெழுத்து விழாவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள்.

அந்த நல அலுவலர் நடராஜன் எங்கள் சங்க உறுப்பினர். மடலை ஒரு எழுத்து விடாமல் படிக்கிற ஒரே உறுப்பினர் அவர்தான் என்று நான் பெருமைப்பட்டதுண்டு. அன்றைக்கே சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் நின்றேன்.

"அது வேற ஆளுங்க. பேரு, ஊரு, வேலை, எல்லாம் நானா வெச்சது."

நடராஜன் என்னை விட இரண்டு வருடம் சின்னவர், ஆனால் பேச்சு ஐம்பது வயசுக்காரர் மாதிரி. நிதானமாகக் கேட்டார்: "எப்பவும் கீழ 'பெயர் மாற்றப்பட்டுள்ளது'ன்னு போடுவீங்களே மேடம். இந்தத் தடவை ஏன் போடலை?"

டீயைப் போட்டேன் என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"நீங்க மறுப்பீங்கன்னு எனக்குத் தெரியும். கிளையண்டைக் காப்பாத்துறது உங்க கடமை. நானும் அந்தப் படிப்புதான் படிச்சேன். ஐம்பது பொண்ணுங்க ஏறுற வண்டி மேடம். அந்த ஆளு இவர் இல்லைன்னா, யாருன்னு சொல்லுங்க. நான் போய் ஒரு வார்த்தை பேசிட்டு இன்னைக்கே கையெழுத்துப் போடுறேன்."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. அதைவிடக் கொடுமை, அவர் சொன்னதில் தப்பே இல்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். உண்மையான பெயரைச் சொன்னால் ஏழுமலை பிழைப்பார். சொன்னால் என்னை நம்பிய அந்த மனிதரை நான் விற்றதாகும். வெளியே வந்து வேப்பமரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். காவலாளி வந்து, "இன்னாம்மா, வேலை கேட்டு வந்தியா? கிடைக்கும், அழுவாத" என்று ஆறுதல் சொன்னார்.

அருள்தாஸ் சாரிடம் போனேன். முழுவதும் கேட்டுக்கொண்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்தார்.

"சார், அந்தப் புள்ளி எதுக்கு வெச்சீங்க? அதையாவது சொல்லுங்க."

"எனக்கே ஆறு ஏழுமலை தெரியும். இது எந்த ஏழுமலைன்னு கேட்டேன். பத்துப் பேருக்கு இருக்குற பேரை வெச்சா, பத்துப் பேரு மாட்டுவாங்கம்மா. ஒருத்தர் ரகசியத்தை மறைக்கலாம். இன்னொருத்தர் தலையில கட்டக் கூடாது."

"இதை அன்னைக்கே வாயைத் திறந்து சொல்லியிருந்தா என்ன சார்!" என்று கத்திவிட்டேன்.

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, "சொல்லியிருக்கணும்தான். என் மேலயும் தப்பு இருக்கு" என்றார். அதுவரை என் வாழ்க்கையில் எந்த மேலதிகாரியும் என்னிடம் சொல்லாத வாக்கியம் அது. எனக்குக் கோபம் போய்விட்டது. பிறகு அவர் கேட்டார்: "அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி அதை அவருக்குப் படிச்சுக் காட்டுனீங்களா?"

இல்லை. காட்டவில்லை. தோன்றவே இல்லை. எட்டு மாதம் அவர் வீட்டுத் தண்ணீரைக் குடித்திருக்கிறேன், அவர் கதையை அவரிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டேன்.

"இப்பப் போய்ப் படிச்சுக் காட்டுங்க. அது அவரோடது. ஆனா அவரை எதுவும் செய்யச் சொல்லக் கூடாது. முகத்தாலகூடச் சொல்லக் கூடாது."

மறுநாள் சாயங்காலம் போனேன். ஆறு மணி. கதவு சாத்தியிருந்தது. தட்டியதும் உள்ளே குழவி நின்றது, "யாரு?" என்ற குரல் வந்தது. நான்தான் என்றதும் கதவைத் திறந்து, என்னை உள்ளே விட்டு, மறுபடி தாழ் போட்டார். முழங்கை வரை மாவு. நான் மடலை எடுத்துப் படித்தேன். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் சிரிக்கவில்லை.

"ஏழுமலையா? ஏன், எம் பேருக்கு இன்னா கொறைச்சலு?"

"உங்களை யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதான்..."

"குடிச்சது ஊருக்கே தெரியும் டீச்சரம்மா. ரோட்டுல வுழுந்து கெடந்தவன மூடி மறைக்க முடியுமா? மாவாட்டுறது தெரியாதே! அது தெரிஞ்சா பசங்க என்னை வுடுவானுங்களா? 'இன்னா மாமா, இட்லி ரெடியா'ம்பானுங்க. ரெண்டு நாளு கேட்டாப் போதும், எனக்கு ரோசம் வந்துடும். ரோசம் வந்தா எங்க போவேன்னு ஒனக்கே தெரியும்."

இருந்தாலும் ஏழுமலைக்கு நடந்ததையும் சொல்லி முடித்தேன். அது அவருக்குத் தெரிய வேண்டிய விஷயம். "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். தப்பு என்னோடது" என்றேன். முகத்தை எவ்வளவு காலியாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு காலியாக வைத்திருந்தேன். அவர் மறுபடி ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்தார். குழவியைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தார். நான் மடலை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டாம் சனிக்கிழமை வந்தது. ஒரு பள்ளிக்கூடத்தின் பெரிய வகுப்பறையில் கூட்டம். ஏழுமலையையும் தேவகியையும் அருள்தாஸ் சார் வரச் சொல்லியிருந்தார், நடராஜனிடம் நேரில் பேசட்டும் என்று. ஏழுமலை தன் ஓட்டுநர் உரிமத்தைக் கையிலேயே வைத்திருந்தார், யார் கேட்டாலும் காட்டத் தயாராக. நடராஜன் அசையவில்லை. "அவர் நல்லவரா இருக்கலாம் சார். அது வேற யாரோன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். திங்கட்கிழமைக்கு இன்னும் ஒரு ஞாயிறுதான் பாக்கி. எனக்கு இந்த வேலையே வேண்டாம், ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடலாம் என்று இருந்தது.

அப்போது வாசலில் ஒரு குரல். "இங்கதான் டீ குடுக்குறாங்களா?"

அவர்தான்! இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, கையில் நாலாய் மடித்த மடல், பக்கத்தில் மனைவி. எங்கே, எத்தனை மணிக்கு என்பதை எங்கள் மடலே அவருக்குச் சொல்லியிருக்கிறது. தடுக்க எழுந்தேன். அருள்தாஸ் சார் என் கையைத் தொட்டு உட்கார வைத்தார்.

"இதுல வந்துகீற ஆளு நான்தான்" என்றார் அவர். தன் பெயரையும் ஊரையும் உரக்கச் சொன்னார்.

நடராஜன் எழுந்து மரியாதையாகவே கேட்டார்: "தப்பா நினைக்காதீங்க. மேடமுக்கு உதவி பண்ண வந்தீங்களா, இல்ல உண்மையிலேயே நீங்கதானா?"

"அதுல மாவாட்டுறதா எழுதிகீதுல்ல? அந்த ஏழுமலையக் கேளு, மாவு எப்டி ஆட்றதுன்னு."

எல்லோரும் ஏழுமலையைப் பார்த்தார்கள். அந்தப் பெரிய உருவம் வேர்த்தது. "அரிசி... அப்பறம் உளுந்து. ரெண்டையும் ஒண்ணாப் போட்டு..."

"ஐயோ, ஒண்ணாவா!" என்று தேவகி தலையில் கை வைத்தார்.

"ஒண்ணாப் போட்டா இட்லி கல்லுதான்" என்றார் நம்மவர். "நாலு ஆழாக்கு புழுங்கலரிசிக்கு ஒரு ஆழாக்கு உளுந்து, கொஞ்சூண்டு வெந்தயம். உளுந்தத் தனியா ஆட்டணும். தண்ணியக் கொட்டக் கூடாது, தெளிக்கணும். ஒரு சொட்டு மாவத் தண்ணியில போட்டாக்கா மெதக்கணும், முழுவக் கூடாது. அரிசிய நைஸா ஆட்டிடாத, ரவை பதம் இருக்கணும். உப்பக் கையாலதான் கலக்கணும், கை சூட்டுலதான் புளிக்கும்." உள்ளங்கையை விரித்து நடராஜனின் முகத்துக்கு நேரே நீட்டினார். குழவி பிடித்த காய்ப்பு. "லாரி ஓட்னா இங்கயா காய்க்கும்?"

முதலில் சிரித்தது நடராஜன். நடராஜன் சிரித்து நாங்கள் யாருமே பார்த்ததில்லை. பிறகு அறையே அதிர்ந்தது. நம்மவர் எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார், கேலியா என்று. கேலி இல்லை. எங்கள் மூத்த உறுப்பினர் அம்மாள் ஒருவர் நோட்டைத் திறந்து, "வெந்தயம் எவ்வளவுன்னீங்க?" என்று எழுதிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும்தான் அவர் தோள் இறங்கியது. ஏழுமலை போய் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நம்மவருக்கும் கண் கலங்கிவிட்டது. "போய்யா, போய் வண்டிய ஓட்டு. நைட்டு வூட்டுக்குப் போனியா, சாப்பாட்டுத் தட்டையாவது கழுவு" என்றார் அவர். "நல்லாச் சொல்லுண்ணா" என்றார் தேவகி.

திங்கட்கிழமை கையெழுத்து விழுந்தது. டீயும் நன்றாகவே இருந்தது.

அடுத்த மாத மடலில் இந்தக் கூட்டத்தைப் பற்றி எழுதினேன். அவர்தான் நாற்பது பேர் முன்னால் தன் வாயால் பெயரைச் சொல்லிவிட்டாரே என்று, பெயர், ஊர் எல்லாம் போட்டு எழுதினேன். அருள்தாஸ் சார் அடிக்கோலை வைத்துப் படித்தார். புள்ளி வைக்கப் பென்சிலை எடுத்தார், கீழே வைத்தார். "இந்தத் தடவை வாயாலேயே சொல்றேன்" என்றார். "வேணாம் சார், எனக்கே தெரியுது" என்று தாளைப் பிடுங்கிக்கொண்டேன். அவர் சொன்னது அந்த அறைக்கு. தபாலில் போகிற ஊருக்கெல்லாம் இல்லை. 'கூட்டத்தில் ஒருவர் எழுந்து பேசினார்' என்று திருத்தினேன். அச்சாவதற்கு முன் அவர் வீட்டுக்குப் போய்ப் படித்தும் காட்டினேன். "எம் பேரு வர்லியேம்மா!" என்று குறைப்பட்டார். கதவு அன்றைக்குத் திறந்தே இருந்தது, ஆட்டிக்கொண்டே பேசினார். தெருவில் போனவர்கள் பார்த்துக்கொண்டுதான் போனார்கள்.

பல வருடம் கழித்து, தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க என் வீட்டுக்கு வந்தார். கூடவே ஏழுமலை, கம்பெனிப் பேருந்தை ஓரங்கட்டிவிட்டு. குடி நம்மவரை விட்டு ஒரேயடியாகப் போயிருந்தது. கிரைண்டர் வந்த பிறகும் ஆட்டுக்கல்லைத் தூக்கிப் போட விடவில்லையாம். தாம்பூலத் தட்டில் மஞ்சள் தடவிய பத்திரிகை. நடுவில் கொட்டை எழுத்தில், தங்க மையில், அவர் பெயர்.

"நல்லாப் பாத்துக்க டீச்சரம்மா. இந்தத் தபா மாத்திடாத."

பார்த்தேன். கண் மறைத்தது, ஆனாலும் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன்.

அந்தப் பத்திரிகை இன்னும் என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. சங்கத்துப் பெண்கள் வந்தால் பழைய மடல்கள், படங்கள், எல்லாவற்றையும் எடுத்துக் காட்டுவேன். அதை மட்டும் காட்ட மாட்டேன்.